புதன்கிழமைக் கத்தி

கழுகுக்கண் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்ததும் முதலில் செய்த காரியம், அறைக் கதவைத் தாழ் போட்டதுதான். வேறு யார் கண்ணிலும் அது பட்டுவிடக் கூடாது என்ற ஆசை. அதே நேரத்தில் பழைய சவரக் கத்திக் குழுவில் இருந்த அத்தனை பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது.

கழுகுக்கண் என்பது குழுவில் அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். பகலில் வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்ப்பார். மாலையில் இணையத்தில் விற்பனைக்கு வரும் பழைய மடக்குக் கத்திகளைச் சரிபார்ப்பார். துரு தானாக வந்ததா, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து வரவழைத்ததா, பிடி எலும்பா பிளாஸ்டிக்கா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். அவர் அசல் என்றால் விலை ஏறும். போலி என்றால் விற்க வந்தவர் மூட்டையைக் கட்டிவிடுவார். தீர்ப்புச் சொல்லி முடித்ததும் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்வார். சாதாரண மீசை இல்லை. குழுவில் அவர் வைத்திருந்த படத்தில் மீசைதான் இருந்தது. முகம் ஏதோ துணைக்கு வந்ததுபோல் ஓரமாகத் தெரியும்.

அவரிடம் ஏழு பள்ளம் வெட்டிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகளுக்கான பெட்டி. ஒவ்வொரு கத்தியின் முதுகிலும் அதன் கிழமை பொறித்திருக்கும். அதில் புதன் மட்டும் இல்லை. வாங்கியபோதே இல்லை. அதனால் புதன்கிழமைகளில் அவர் சவரம் செய்துகொள்வதே இல்லை. வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அன்றைக்கு அவரைப் பார்த்தால் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று தணிந்த குரலில் விசாரிப்பார்கள்.

குழுவின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. முழுத் தொகுப்பு வைத்திருப்பவருக்குத்தான் நடுமேசை. போன தடவை அவருடைய பெட்டியைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவசரமாகவே அதைக் கடந்து போனார்கள். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது புதன் ஏலத்துக்கு வந்திருக்கிறது. அதே எழுத்து, அதே எலும்புப் பிடி. பிடியில் ஆணிக்குப் பக்கத்தில் அரிசி அளவுக்கு ஒரு பொக்கை மட்டும்.

கழுகுக்கண் மூச்சை இழுத்துவிட்டு, படத்துக்குக் கீழே 'போலி' என்று எழுதினார்.

கதவு தட்டப்பட்டது. மனைவி.

"பட்டப்பகல்ல எதுக்குங்க தாழ்ப்பாள்?"

"புதன் வந்திருக்கு. சுத்த அசல். அதான் போலின்னு எழுதிட்டேன்."

"அசல்னா ஏன் போலின்னு எழுதணும்?"

"மத்தவங்க விலகிப் போவாங்க. நான் மலிவா வாங்கிப்பேன்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பேங்க்லயும் இப்படித்தான் கையெழுத்துப் பார்க்கறீங்களா?"

பதில் சொல்வதற்குள் கைப்பேசி சிணுங்கியது. குழுவில் பல் டாக்டர் ஒருவர் உண்டு. அவருக்கும் கழுகுக்கண்ணுக்கும் ஏழாம் பொருத்தம். கழுகுக்கண்ணுக்குக் கண்புரை என்று ஒருமுறை எழுதிய மகானுபாவர். இப்போது எழுதியிருந்தார்: 'எனக்கு அசல் மாதிரிதான் தெரியுது. கழுகுக்கண் சார் இன்னொரு தடவை நல்லாப் பார்க்கட்டும்.'

விலை ஒரு படி ஏறியது.

கழுகுக்கண்ணுக்கு ரத்தம் கொதித்தது. பொறித்த எழுத்தின் சாய்வு, முதுகின் தேய்மானம், ஆணியின் தலை என்று இல்லாத குறைகளை எல்லாம் தேடிப் பிடித்து ஒரு கட்டுரையே எழுதிப் போட்டார். படித்த ஓர் உறுப்பினர், 'போலின்னா சார் ஒரே வார்த்தையில முடிச்சிருவாரே. இவ்வளவு மெனக்கெடறார்னா ஏதோ விஷயம் இருக்கு' என்று எழுதினார். விலை மளமளவென்று ஏறியது.

"பேசாம சும்மா இருந்திருந்தா இந்நேரம் கைக்கு வந்திருக்கும்" என்றாள் மனைவி.

அவர் சும்மா இருக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தார். 'இது அசல் என்று நிரூபணமானால், மீசையை எடுத்துவிட்டுக் கண்காட்சிக்கு வருகிறேன்' என்று எழுதினார்.

குழு கப்சிப் என்று ஆகிவிட்டது. அந்த மீசையின் அருமை எல்லாருக்கும் தெரியும்.

'அவ்வளவு உறுதியா?' என்று பல் டாக்டர் மட்டும் கேட்டார்.

'அவ்வளவு உறுதி.'

அதன் பிறகு ஏலத்தில் ஈ, காக்கை இல்லை. கழுகுக்கண் மச்சினனைக் கூப்பிட்டு, அவன் பேரில் கேட்கச் சொன்னார்.

"எனக்குத் தாடியே இன்னும் ஒழுங்கா முளைக்கல மாமா. எதுக்குன்னு கேட்டா?"

"நம்பிக்கையோட வாங்கறேன்னு சொல்லு."

கத்தி வந்து சேர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் மனைவி மூக்கைச் சுளித்தாள். "என்னங்க இது, கிராம்புத் தைலம் வாசனை? பல்வலிக்கு வைக்கிற மருந்து மாதிரி."

"அந்தக் காலத்துல துருப்பிடிக்காம இருக்க அதைத்தான் தடவுவாங்க" என்று அந்த நொடியில் ஒரு சரித்திரத்தைக் கண்டுபிடித்தார்.

"ஊசியைச் சூடு பண்ணித் தரட்டுமா? எல்லாக் கத்திக்கும் பிடியில குத்திப் பார்ப்பீங்களே, உருகினா பிளாஸ்டிக்னு."

"பெத்த பிள்ளைக்குச் சூடு வைக்கச் சொல்றியா?"

புதனை அதன் பள்ளத்தில் வைத்தார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் உட்கார்ந்துவிட்டது. ஏழும் வரிசையாகப் படுத்திருந்ததைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்தது கிடையாது.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "ஆனா இந்தப் பொக்கையைத்தான் எல்லாரும் படத்துல பார்த்தாங்களே. நடுமேசையில வச்சா, நீங்க போலின்னு சொன்ன கத்தின்னு தெரிஞ்சுடாது?"

சந்தோஷம் அத்தோடு சரி. போலி என்று சாதித்தால் தொகுப்பு முழுமை இல்லை. அசல் என்று ஒப்புக்கொண்டால் மீசை போயிற்று.

பொக்கையை மறைக்க மனைவியின் நகப்பூச்சைத் தடவினார். அது ரோஜா நிறத்தில் பளபளத்து, தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்தது. அதை அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தார். பிடி பிசுபிசுத்து, அவருடைய கட்டைவிரல் ரேகை அதில் அச்சாகப் பதிந்துவிட்டது.

"ஏங்க, எலும்பு இப்படிப் பிசுபிசுக்குமா?"

"பழைய எலும்பு. வியர்க்கும்."

"வியர்க்குமா?"

"எனக்கே வியர்க்குது. அதுக்கு வியர்க்காதா?"

பொக்கையும் போகவில்லை, இப்போது கைரேகையும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தார். கழிப்பறை வாசல் நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

மீசை போவதுதான் போகிறது, புதன் கையால் போகட்டும் என்று அதையே எடுத்து வைத்து இழுத்தார். கத்தி வெட்டவில்லை. முடியைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. நூறு வருஷம் சும்மா கிடந்த கத்தி, கோபம் இருக்கத்தானே செய்யும் என்று சமாதானம் செய்துகொண்டு, மச்சினனின் பிளாஸ்டிக் ரேஸரில் வேலையை முடித்தார். கண்ணாடியில் யாரோ ஒருவர் நின்று அழுதுகொண்டிருந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பரவாயில்லைங்க. சாப்பிடச் சுலபம்."

வங்கியில் அன்றைக்கு அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக முடிந்தது. வருகைப் பதிவில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்த பக்கத்து மேசைக்காரர், "கையெழுத்து பொருந்துது சார். முகம்தான் பொருந்தல" என்றார்.

கண்காட்சியில் அவருக்கு நடுமேசை கிடைத்தது. விளக்கு வெளிச்சத்தில் ஏழு கத்திகளும் மின்னின. பொக்கையைப் பார்த்தவர்கள் காதோடு காதாகப் பேசத் தொடங்குவதற்குள் கழுகுக்கண் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"நண்பர்களே, இது நான் போலின்னு சொன்ன அதே கத்திதான். பரிசோதனை பண்றதுக்காக மச்சினன் பேர்ல நானே வாங்கினேன். கையில வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சுது, இது அசல்னு. என் கண்ணு தப்புப் பண்ணிடுச்சு. குடுத்த வாக்குக்கு மீசையைக் குடுத்துட்டேன்."

அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிய கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யையும் மெய்யையும் இவ்வளவு கச்சிதமாகக் கலந்து பேசிவிட்டோமே என்று கழுகுக்கண்ணுக்கே பெருமையாக இருந்தது. பழக்கதோஷத்தில் கை மேலுதட்டுக்குப் போய், முறுக்க ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பல் டாக்டர் வந்தார். கையில் பெரிய பூங்கொத்து. ஆனால் முகம் பேயறைந்தது போல் இருந்தது.

அவர் பக்கத்தில் வந்து நின்றதும் மனைவி மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க," என்று கணவரின் காதில் சொன்னாள், "அதே கிராம்பு வாசனை."

பல் டாக்டர் கத்தியைப் பார்த்தார். அதில் பதிந்திருந்த கைரேகையைப் பார்த்தார். பிறகு கழுகுக்கண்ணின் வெறும் உதட்டைப் பார்த்தார்.

"சார், அது உங்களை மாட்டிவிடறதுக்காக நான் கிளினிக்ல செஞ்சு ஏலத்துல விட்ட கத்தி, பிடி பூரா பல் செட் பண்ற பிளாஸ்டிக், இத்தனை பேர்ல போலின்னு கண்டுபிடிச்ச ஒரே ஆள் நீங்கதான்னு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்க வந்தேன், நீங்க என்னடான்னா மீசையை எடுத்துட்டு நிக்கறீங்க."