மூன்றாவது குப்பி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும், அவருடைய சிறுநீர்ப்பை ஒன்று நீங்கலாக, சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு வருடமாக நீ அனுப்புவது "பிஸி" என்ற ஒரு சொல்தான் என்பதால், அதையே சௌக்கியம் என்று வாசித்துக்கொள்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறி ஓடி வர இதில் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் சிறுநீர்ப்பையிலிருந்து புற்றுக் கட்டியை எடுத்தார்களே, அதிலிருந்து அவ்வப்போது குழாய் விட்டு உள்ளே பார்க்கிறார்கள். அந்த நாள் நெருங்கினால் அப்பா காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிடுகிறார். போன மாதம் சிறுநீர் மறுபடி சிவப்பாகப் போனது, வரும் இருபதாம் தேதி மறுபடி குழாய். இதற்கிடையே மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவுப் பெண் ஒருத்தி எங்களை உட்காரவைத்து, சிறுநீரிலும் கிருமிகள் குடியிருக்கின்றன, புற்று உள்ளவர்களிடம் அந்தக் குடித்தனம் வேறு மாதிரி இருக்கலாம், அதைச் சரியாகப் படிக்க முடிந்தால் என்றாவது ஒருநாள் டியூப் விடாமலேயே கண்டுபிடிக்கலாம், ஆனால் இன்னும் எதுவும் உறுதியில்லை என்று பொறுமையாக விளக்கினாள். அப்பா காதில் "டியூப் விடாமலேயே" மட்டும்தான் விழுந்தது. "எத்தனை லிட்டர் வேணும்மா?" என்றார்.

முப்பத்து நான்கு வருடம் பெட்ரோல் பங்கில் ஒரு சொட்டுக் குறையாமல் ஊற்றிய மனிதர் இல்லையா! சிறுநீர் பிடிக்க அவள் கொடுத்த குப்பியில் நாற்பது மில்லிக்கு ஒரு கோடு போட்டிருந்தது. அன்று காலை அவருக்கு வந்ததோ முப்பதுதான். மீதியைக் குளியலறைக் குழாயில் பிடித்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, கோட்டுக்குச் சரியாக நிரப்பி மூடிக் கொடுத்துவிட்டார். ஒன்றும் தெரியாத நான் அதை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துப் பேருந்தில் போய், பக்கத்து இருக்கைக்காரி "ஐஸ்கிரீமா?" என்று ஆசையாகக் கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தேன். பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன். "மேடம், உங்க அப்பா சாம்பிள்ல தண்ணித் தொட்டியில இருக்கிற கிருமியா இருக்கு. இதெல்லாம் உடம்புக்குள்ள எப்படிப் போச்சுன்னு எங்க புரொஃபசருக்கு ஒண்ணும் ஓடல."

"தண்ணி கலந்தீங்களாப்பா?"

"அளவு குறைஞ்சா நம்ம பேரு என்னாகும்?"

"கலப்படம் பண்ணா மட்டும் நல்ல பேரா?"

"பெட்ரோல்ல பண்ணாத்தான்டி கலப்படம். இது நம்ம சொந்தச் சரக்கு."

அந்தப் பெண் புதுக் குப்பிகளோடு வீட்டுக்கே வந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க அதே வீட்டில் இருக்கும் மற்றவர்களுடையதும் வேண்டுமாம். கையில் மூன்று குப்பிகள். முதல் நாள் கொடுத்த படிவத்தில், வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் அப்பா மூன்று என்று எழுதிவைத்திருக்கிறார்! வயதானால் இரண்டுக்கு மேல் எண்ணத் தோன்றும் போலிருக்கிறது.

"மூணாவது ஆள் எங்க சார்?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமினார். "பெரியவ. வெளில போயிருக்கா. வந்துடுவா."

"எப்ப வருவாங்க?"

"டிராஃபிக்ல மாட்டியிருப்பா."

ஆறு வருட டிராஃபிக், அக்கா. அந்தப் பெண் நம்பிவிட்டாள்; 'பெரிய மகள்' என்று சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். திருப்பிக் கொடுக்கவும் அப்பா விடவில்லை. குளியலறை அலமாரியில் என் சீப்பை நகர்த்தி உன் குப்பிக்கு இடம் கொடுத்திருக்கிறேன். நேற்று மாத்திரை எடுக்கப் போனவர், அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் என்ன இருக்கிறது பார்க்க?

ஆகவே நீ வர வேண்டாம். இருபதாம் தேதிக்கு நான் லீவு சொல்லிவிட்டேன். குழாய் விடும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பது எனக்குப் பழகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துக்கொள்வேன். யாராவது "ஆள் வருதா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லவும் பழகிவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம், சித்தி என்றால் யார் என்று கேட்டால், போனில் வரும் ஒரு குரல் என்று சொல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், பிஸியாகவே, நூறு வயது இருக்க வேண்டும்.

உன் குப்பிக்குக் காவல் இருக்கும்
தங்கை

பி.கு.: படிவத்தை அப்பா நிரப்பவில்லை. அன்று அவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். மூன்று என்று எழுதியது நான்தான். இருபதாம் தேதி, காலை பத்து மணி. கைப்பையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.