குழாய் வாயில் உட்கார்ந்த காடைகள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததும் பெரிய காரியங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அரிசோனாப் பாலைவனத்தில், எங்கள் ‘பொன்மேடு’ வீட்டுவண்டிக் குடியிருப்பில், கூரைக் குழாய்களின் வாயை அடைத்துப் பிளாஸ்டிக் காடைகளை உட்கார வைத்தோமே, அந்தச் சாதனைக்கு முன்னால் அவை இரண்டும் கைகட்டித்தான் நிற்க வேண்டும். அழகுக் குழுவின் செயலாளன் என்ற முறையில் அதைப் பக்கத்திலிருந்து பார்த்த பாக்கியவான் நான்.

நாங்கள் எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். வடக்கே பனி விழத் தொடங்கியதும் சமையலறை, படுக்கை, கக்கூஸ் சகிதம் வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவோம். வெயில் ஏறியதும் மின்னசோட்டாவுக்கோ நெப்ராஸ்காவுக்கோ சொந்த வீடு திரும்புவோம். வில்மா யார்கென்சன் அம்மையாருக்கு மட்டும் திரும்புவதற்கு வீடு இல்லை. கணவர் இறந்த பிறகு இருந்ததை விற்றுவிட்டு, டயர் காற்றுப்போன பழைய இழுவண்டி ஒன்றில் ஆண்டு முழுக்க இங்கேயே கிடந்தார். எங்கள் அழகுக்கு அது ஒரு குறைதான். பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

தலைவர் வெர்னன் ஸ்டாட்லர் நெப்ராஸ்காவில் தரைவிரிப்பு வியாபாரம் செய்தவர். ஒருநாள் சாயங்காலம் தம் வண்டியின் கூரைமேல் மடக்கு நாற்காலி போட்டு, கையில் கோப்பையோடு சூரிய அஸ்தமனத்தை ரசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து நின்றார்.

“கிளைடு! மேல வா. என்ன தெரியுது பாரு.”

ஏறிப் பார்த்தேன். “சூரியன் தெரியுது, தலைவரே.”

“அதுக்கு முன்னாடி?”

“பைப்பு தெரியுது.”

“எத்தனை கூரையோ அத்தனை பைப்பு! ஒரு மனுஷன் நிம்மதியா சூரியனப் பார்க்க முடியுதா?”

கழிவுத் தொட்டியில் உண்டாகும் காற்று மேலே போய்த் தொலையத்தான் அந்தக் குழாய் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அழகுணர்ச்சி கிடையாது. அழகுக் குழு கூடி, ‘அஸ்தமனப் பாதுகாப்புத் தீர்மானம்’ நிறைவேற்றியது. ஒவ்வொரு குழாயின் வாயிலும் ரப்பர் வளையம் வைத்து இறுக்கிய பிளாஸ்டிக் காடை ஒன்று உட்கார்ந்தது. இந்த ஊர்க் காடைகளுக்கே உரிய தலைக்கொண்டையோடு அவை கூரைக்குக் கூரை உட்கார்ந்திருந்த அழகை நான் என்னவென்று சொல்வேன்!

வில்மா மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

“என் கூரை மேல பூனை ஏறினாலே ஒரு கால் உள்ள வருது. காடை வைக்க எவன் ஏறுவான்? போங்கப்பா, போய் வேலையப் பாருங்க.”

அந்த வாரமே நாற்றம் தொடங்கியது. கக்கூஸில் தண்ணீர் விடும் மிதிக்கட்டையைக் காலால் அமுக்கினால், கீழே தொட்டி ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சு படுக்கையறை வழியாகச் சமையலறைக்கு வந்து, காலை அப்பத்தின் மேல் உட்கார்ந்தது. தலைவர் அஞ்சவில்லை. ‘விஞ்ஞானரீதியாக’ அணுகினார். முதலில் தொட்டிக்குள் லாவெண்டர் திரவம் ஊற்றினோம். லாவெண்டர் தோட்டத்தில் மாடு செத்த மாதிரி இருந்தது. பிறகு, வீட்டுவண்டிக்காரர்களின் பரம்பரை வைத்தியமான ஐஸ் கட்டி முறைக்கு வந்தோம். கக்கூஸுக்குள் மூட்டை மூட்டையாக ஐஸைக் கொட்டி, வண்டியை ஓட்டிக் குலுக்கினால் தொட்டி சுத்தமாகிவிடுமாம். காடைகள் கூரையில் கம்பீரமாக அமர்ந்திருக்க, எங்கள் வண்டிகள் குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி ஊர்வலம் வந்தன. வில்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையாட்டினார்.

ஊர்வலம் முடிந்ததும் கனடாவின் சஸ்காட்சுவானிலிருந்து வந்த கோர்டி மெல்ல வாயைத் திறந்தான்.

“தலைவரே, ஒருவேளை பைப்ப அடைச்சதாலதான்...”

“கோர்டி, நீ பல்லு டாக்டர். பல்லப் பத்திப் பேசு.”

கோர்டி பல்லைக் கடித்துக்கொண்டான். அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் அன்று காட்டிய தர்க்கம் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைக்கத் தகுந்தது.

“எல்லார் வண்டியும் நாறுது. ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கறோம்!”

“வில்மா வண்டி மட்டும் நாறல. ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கறோம்!”

“சாப்பிடற மனுஷிதானே? கக்கூஸ் போற மனுஷிதானே? அப்போ அந்தம்மா நாத்தம் எங்க போச்சு?”

தலைவர் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

“பைப்பு வழியா வெளிய வந்து நம்ம வண்டிக்குள்ள பூந்துடுச்சு!”

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. வில்மா எழுந்தார்.

“ஏம்ப்பா வெர்னன், நான் ஒண்டிக்கட்டை. மத்தியானம் ஒரு டப்பா சூப்பு, ராத்திரி மிச்ச சூப்பு. இந்த வயித்த வச்சுக்கிட்டு ஊருக்கே நாத்தம் சப்ளை பண்றேனா?”

“எடக்குப் பேசாதீங்க. காடை வைங்க. இல்லைன்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள எடத்தக் காலி பண்ணுங்க.”

“வச்சுட்டு? உங்கள மாதிரி மூக்கப் பொத்திக்கிட்டு சோறு திங்கணுமா? என்னால ஆகாது சாமி.”

வாக்கெடுப்பு நடந்தது. ஜனநாயகத்தில் எங்களுக்குள்ள பிடிப்பு அப்படி. கோர்டி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினான். எதிர்ப்பு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இழுவை லாரி வந்தது. அரசாங்கப் பொட்டல் நிலத்தில், தண்ணீரும் மின்சாரமும் இல்லாத இடத்தில், சும்மா தங்கிக்கொள்ளலாமாம். அங்கேதான் போகிறேன் என்றார் வில்மா. லாரி நகரும்போது சன்னல் வழியாக என்னைப் பார்த்து, “கிளைடு, என் பூனை ரெண்டு நாளா காணல. வந்தா ஏதாவது போடுப்பா” என்றார். எனக்கு நெஞ்சை அடைத்தது. எழுபத்தெட்டு வயதுக் கிழவியைப் பாலைவனத்துக்கு அனுப்புகிறோமே என்று ஒரு கணம் துடித்துப்போனேன். அது வெறும் வாயு என்று தலைவர் விளக்கினார்.

நாற்றம் போகவில்லை. “போற போக்குல விட்டுட்டுப் போயிருக்கா, வயித்தெரிச்சல் புடிச்சவ” என்றார் தலைவர். இப்படிக்கூட ஒரு மனுஷி உண்டா என்று நாங்கள் வியந்தோம்.

மார்ச்சில் மணற்காற்று அடித்தது. மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு வழக்கம்போல எல்லோரும் கோப்பைகளோடு தலைவர் வண்டி முன்னால் கூடினோம். அவர் மனைவி டார்லீன் முகமெல்லாம் பூரிப்பு.

“காலையிலேர்ந்து எங்க வண்டில ஒரு துளி நாத்தம் இல்ல தெரியுமா! பன்றிக்கறி வறுத்தேன், பன்றிக்கறி வாசனையே வருது! அழுதுட்டேன்.”

எல்லார் கண்களும் ஒரே நேரத்தில் கூரைக்குப் போயின. தலைவரின் காடை இருந்த இடத்தில் குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. கோர்டி கோப்பையைக் கீழே வைத்தான்.

“அப்போ உங்க நாத்தம் எங்க போச்சு, தலைவரே?”

வெர்னன் ஸ்டாட்லரின் முகம் சுண்ணாம்பானது. புதருக்குப் புதர் ஓடித் தேடினார். ஒரு முள்செடிக்கு அடியில் காடை கொண்டை ஒடிந்து கிடந்தது. அதை எடுத்து, பசை டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

“வேணாம் வெர்ன்! இன்னைக்கு ஒரு ராத்திரியாவது மூச்சு விட்டுக்கறேனே!” என்று டார்லீன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

“வாய மூடு! வில்மா போன எடத்துக்கு நாமளும் போகணுமா?”

காடை மறுபடி உட்கார்ந்தது, இந்த முறை பசை போட்டு நிரந்தரமாக. கொஞ்ச நேரத்தில் டார்லீன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் நிம்மதியாகக் கோப்பைகளை எடுத்துக்கொண்டோம். கோர்டிகூடத் தலைவரின் தோளில் தட்டினான்.

இன்று எங்கள் பொன்மேட்டில் நாறாத வண்டி ஒன்றுகூடக் கிடையாது. நாங்கள் அத்தனை பேரும் நிரபராதிகள்.