செவ்வந்தியை மதுரைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது சம்பந்தமாக

சிக்கல்,
24.5.2009

மதிப்பிற்குரிய மச்சான் தனுஷ்கோடி அவர்கள் சமூகத்துக்கு, தங்கை மாப்பிள்ளை வேல்சாமி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் மகள் செவ்வந்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் தாங்களும் அக்காளும் பிள்ளைகளும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வெயில் எப்படி என்று கேட்கமாட்டேன். கேட்டால் இங்கே எப்படி என்று நானும் எழுத வேண்டி வரும், தாள் போதாது.

போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ஊம் கொட்டுவேன், காசு தீர்ந்து லைன் போய்விடும். கடிதத்தில் நான்தான் பேசுவேன், நீங்கள் ஊம்கூடக் கொட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தங்கச்சி இராமலட்சுமி போய் மூன்று மாசம் ஆகிறது. கருமாதிப் பந்தலில் அத்தனை பேர் முன்னால் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த வீட்டுல இங்கிலீசு படிக்கத் தெரிஞ்ச ஒத்த ஆளு இருந்திருந்தா என் தங்கச்சி பொழச்சிருப்பா" என்று சொன்னீர்கள். நான் பந்திக்கு இலை போடப் போய்விட்டேன். மஸ்கட் போய்ச் சேர்ந்த மறுவாரமே, செவ்வந்தி பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில்தான் படிக்க வேண்டும், உங்கள் முதலாளி பிள்ளைகள் அப்படித்தான் படிக்கின்றன, ஃபீஸ் உங்கள் பொறுப்பு, மதுரையில் பள்ளிக்கூடம் பார்த்துவைப்பது என் பொறுப்பு என்றீர்கள். நானும் ஊம் கொட்டினேன். அதன் பிறகு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பேப்பரை பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சதக்தான் எடுத்துக் கொடுத்தார். இண்டர்நேஷனல் டே ஸ்கூல் என்று போட்டிருந்தது. டே என்றால் என்ன என்று கேட்டேன். "டேன்னா பகல். பகல்ல நடக்குற பள்ளிக்கூடம்" என்றார். "எல்லாப் பள்ளிக்கூடமும் பகல்லதானய்யா நடக்கு?" என்றேன். "அதில்லண்ணே, ஆஸ்டல் கிடையாது. சாயங்காலம் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றார். "வீடு சிக்கல்லல்ல இருக்கு" என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பஸ்ஸைக் கணக்குப் பண்ணிப் பார்த்தோம். விடியுமுன் மூன்றரைக்குக் கிளம்பினால் பள்ளிக்கூடம் திறக்கும்போது போய்விடலாம். திரும்பி வந்து சேர ராத்திரி ஒன்பதரை. சோறும் தூக்கமும் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில். மதுரையில் என் அக்கா கருத்தம்மாள் இருக்கிறாளே என்று சதக் ஞாபகப்படுத்தினார். அவளிடம் கேட்டேன். "எங்கூட இருந்துட்டுப் போகட்டும்டா, எனக்கும் ஆரு இருக்கா" என்றாள். அவள் வீடு ஒற்றை அறை. அவள் படுத்தால் அடுப்பு வெளியே போக வேண்டும்.

அப்ளிகேஷன் பதினோரு பக்கம். சதக் படித்துச் சொல்ல, நான் பதில் சொல்ல, அவர் எழுதினார். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. "தாய்மாமன் சத்தம் போட்டா ஒத்துக்காது" என்றேன். மன்னிக்கவும், உங்களைத்தான் சொன்னேன். அவர் இல்லை என்று போட்டார். வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டிருந்தது. மூன்று மாசமாக எங்கள் வீட்டில் யாரும் பேசுவதே இல்லை என்றேன். அவர் தமிழ் என்று போட்டார்.

போன சனிக்கிழமை தீபாவளிக் கவுனைப் போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு மதுரை போனேன். கேட்டில் நின்ற காவல்காரர் என் வேட்டியையும் துண்டையும் பார்த்துவிட்டு, "தண்ணி லாரியா? பின்பக்கம் போ" என்றார். பிள்ளையைச் சேர்க்க வந்தேன் என்றேன். "யாரு பிள்ளைய?" என்றார். "என் பிள்ளையத்தான்" என்றேன். அவர் போன் போட்டுக் கேட்டு, அங்கிருந்து ஒருத்தர் வந்து பார்த்து, என்னை விட்டார்கள், துண்டை மடித்துப் பையில் வைக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரே குளிர். மச்சான், மிளகாய்ப் பழத்தை அந்த அறையில் கொட்டினால் ஏழு ஜென்மத்துக்கும் காயாது. செவ்வந்தியைப் பரீட்சை வைக்க ஒரு டீச்சர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இவள் திரும்பியே பார்க்கவில்லை.

அட்மிஷன் பார்க்கிற அம்மா மெட்ராஸ்காரர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அப்பா அம்மா இரண்டு பேரும் வர வேண்டும், இரண்டு பேரிடமும் பேசிப் பார்த்துத்தான் சேர்ப்போம் என்றார். அம்மா இல்லை என்றேன். "ஊர்ல இல்லையா?" என்றார். "ஊர்லயே இல்லைம்மா" என்றேன். புரிந்துகொண்டு, ஸாரி சொல்லி, இறப்பு சர்டிபிகேட் கேட்டார். கொடுத்தேன். அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"சார், உங்க பேரு?"

"வேல்சாமி."

"இதுல இறந்தவர் பெயர் வேல்சாமின்னு இருக்கு. பாலினம் பெண். கணவர் பெயர் இராமலட்சுமி."

வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. பெயரை மாற்றி ஏற்றிவிட்டார்கள். அந்தம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேறு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்றார். ரேஷன் கார்டைக் கொடுத்தேன். அதில் இன்னும் அவள் பெயரை எடுக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் தங்கச்சி அரிசி வாங்கிக்கொண்டு இருக்கிறாள், நான் காடு போய்விட்டேன். எனக்கும் அந்தக் கணக்கு பிடித்துத்தான் இருந்தது மச்சான். அப்படியே நடந்திருந்தால் இவளை வளர்க்க அவள் யாரிடமும் யோசனை கேட்டிருக்கமாட்டாள்.

ஆனால் இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த சர்டிபிகேட் இரண்டு மாசமாக என் வீட்டில் இருக்கிறது. தமிழில் இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவன். வாங்கி, மடித்து, டிரங்குப் பெட்டியில் வைத்தேனே தவிர, ஒரு தடவை பிரித்துப் பார்க்கவில்லை.

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, அதை மாத்தி வாங்கிக்கலாம். நீங்க சொல்லுங்க, எதுக்கு பிரிட்டிஷ் கரிகுலம்?" என்று கேட்டார். சதக் எனக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார், உலகம், எதிர்காலம் என்று வரும். அது வரவில்லை. பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்து, "இதை எம்மக படிக்கணும்" என்றேன். அவர் படித்தார். "இதுல பாதி டாக்டருங்க வார்த்தை, எனக்கே தெரியலை. கடைசி வரிதான்…" என்று நிறுத்தினார். கடைசி வரி எனக்கும் தெரியும். நீங்கள் பந்தலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்ததுதான், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் என்று. "யாரையாவது கேட்டிருக்கலாமே சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

கேட்டிருக்கலாம். அப்துல் ஹமீது பாய் மருந்துக்கடை எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான். காலையில் பேப்பரையே இங்கிலீசில் படிக்கிற மனுஷன். ஸ்கேன் எடுத்த இடத்தில், டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை காட்டுங்கள் என்று சொல்லி ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை மிளகாய்ப் பழம் எடுக்க பன்னிரண்டு ஆள் சொல்லியிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை எடுத்த பழத்தைக் களத்தில் காயப்போட வேண்டியிருந்தது. இராமலட்சுமியும், "வலி இப்பத் தேவலை, பழம் வீணாப் போகும், பெறகு பாப்போம்" என்றாள். அவள் சொல்வாள். நான் கேட்டிருக்கக் கூடாது. பதினெட்டு நாள் அந்தக் கவர் பெட்டியில் கிடந்தது. பத்தொன்பதாம் நாள் களத்திலேயே சுருண்டு விழுந்தாள்.

ஆகையால் மச்சான், பந்தலில் நீங்கள் சொன்னது தப்பு. இந்த வீட்டில் இங்கிலீசு இல்லாததால் அவள் சாகவில்லை. நான் நாலு வீடு நடக்காததால் செத்தாள். பந்தலில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இங்கிலீசு மேல் பழி போனது எனக்கு வசதியாக இருந்தது. என்னை நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஊருக்கு வந்தால் அடிக்கக்கூடச் செய்யுங்கள், நான் கையைத் தூக்கமாட்டேன். ஆனால் நான் செய்ததற்கு எட்டு வயசுப் பிள்ளையை ஊரைவிட்டு அனுப்ப வேண்டாம்.

வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஒரு வகுப்புக் குறைத்து, இயர் த்ரீ என்று ஏதோ ஒன்றில் சேர்த்துக்கொள்கிறார்களாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். அனுப்பமாட்டேன். செவ்வந்தி காலையில் எழுந்து முற்றம் தெளிக்கிற சத்தம் கேட்டால்தான் எனக்கு எழுந்திருக்கத் தோன்றுகிறது. அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் டிரங்குப் பெட்டியும்தான். இங்கேயே நாலாவது படிக்கட்டும். சாயங்காலம் ஹமீது பாயிடம் இங்கிலீசு கற்றுக்கொள்ளட்டும், அவரும் சரி என்றிருக்கிறார். இது என் முடிவு. இதில் மாற்றம் இல்லை. நீங்கள் கட்டுவதாகச் சொன்ன ஃபீஸை உங்கள் பிள்ளைகளுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும். கடவுள் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், எனக்கு அளவாகக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
வே. வேல்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குச் செவ்வந்தியிடம் சோற்றுப் பருக்கை எடுத்துவரச் சொன்னேன். எடுத்துவந்தவள், "மாமாவுக்கு என்னய்யா எழுதியிருக்கீக?" என்று கேட்டாள். உன்னை மதுரைக்கு அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறேன் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பருக்கையைக் கீழே வைத்துவிட்டு, "நான் போறேன்யா" என்றாள். மூன்று மாசத்தில் அவளாக எதையாவது கேட்டது இதுதான் முதல் தடவை. ஏன் தாயி, இங்கன என்ன குறை என்றேன்.

"இங்கன பாக்குற ஆளெல்லாம் ச்சுன்னுட்டுத் தலையத் தடவுறாக. தண்ணிக்குப் போனாலும் தடவுறாக, கடைக்குப் போனாலும் தடவுறாக. டீச்சரு நான் தப்பாப் போட்ட கணக்குக்குக்கூட ரைட் போட்டாக, முழுப் பரீட்சையில. அந்தப் பள்ளிக்கூடத்துல இருபது கணக்குல பதிமூணு தப்புன்னு செவப்பு மையில அடிச்சுக் குடுத்தாக. நான் அங்கன போறேன்."

ஒரு வகுப்புக் குறைத்துப் போடுகிறார்களே, பரவாயில்லையா என்று மட்டும் கேட்டேன். "தெரியலைன்னா அதுலதான போடணும்" என்றாள்.

மேலே எழுதிய முடிவை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததைப் பற்றி எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும். நாளைக் காலையில் போன் போட்டுச் சம்மதம் சொல்லப் போகிறேன், ஃபீஸை அனுப்பிவையுங்கள். கருத்தம்மாள் அக்காவிடமும் சொல்லியாயிற்று. ஒன்றே ஒன்று மச்சான், இனிமேல் அவளிடம் போனில் பேசும்போது தாயில்லாப் பிள்ளை என்று ஆரம்பிக்காதீர்கள். பதிமூன்று கணக்கு ஏன் தப்பாச்சு என்று கேளுங்கள்.