லண்டன் கிணறு

"இருமு மாப்ள, இன்னும் பலமா இருமு! துரை பாக்குறாரு" என்று காதைக் கடித்தார் சேக் மைதீன்.

மலைச்சாமி இருமிய இருமலில் வரப்பில் மேய்ந்த ஆடு மிரண்டு ஓடியது.

எல்லாம் ஒரு கிணற்றுக்காகத்தான். மேலூருக்குப் பக்கத்தில் மலைச்சாமியின் குடியிருப்புக் கிணறு வற்றிப்போய், அவன் மனைவி ஒச்சாயி ஊர்க் கிணற்றடியில் குடத்தோடு காத்துக் கிடப்பாள். யாராவது மனமிரங்கி ஊற்றினால்தான் வீட்டில் உலை. அப்போதுதான், சந்தைக்கு ஜவுளி கொண்டுவரும் சேக் மைதீன் பேப்பரில் படித்துச் சொன்னார்: தன் ஆட்சியில் இருக்கும் கடல் கடந்த நாடுகளை முன்னேற்ற லண்டன் சர்க்கார் உதவப் போகிறதாம்.

"லண்டனுக்கு நாமளும் கடல் கடந்துதான பாய் இருக்கோம்?"

"அதேதான் மாப்ள! அந்தச் சோலியாத்தான் ஒரு துரை மேலூர் பங்களாவுல வந்து எறங்கிருக்காரு. கூட்டிட்டு வாரேன்."

லாரியில் வந்த துரை இருமலைக் கேட்டதும் முகத்தைச் சுளித்து லாரிப் பக்கம் திரும்பினார். சேக் மைதீனுக்கு வியர்த்தது. அவருடைய இங்கிலீஷ் நாலைந்து சொற்களோடு நின்றுவிடும்.

"நோஞ்சானுக்கு உதவி கெடையாதாம்டா. பலத்தைக் காட்டு!"

மலைச்சாமி வேட்டியைத் தார்ப்பாய்ச்சினான். களத்தில் கிடந்த உருளைக் கல்லைத் தோளுக்குத் தூக்கினான். அது போதாதென்று மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியைத் தானே இழுத்தான். முதுகில் மளுக்கென்று சத்தம் கேட்டது. துரைக்கு முகமெல்லாம் பல். அருகில் வந்து, மலைச்சாமியின் வாயைத் திறந்து பார்த்தார்.

"பல்லை எதுக்கு பாய் பாக்குறாரு?"

"சிரிச்ச முகமா இருக்கணும்னு சொல்றாரு போல. சிரி!"

சிரித்தான். துரை ஏதோ கேட்டார். அதில் 'வாட்டர்' மட்டும் சேக் மைதீனுக்குப் பிடிபட்டது.

"தண்ணி சம்மதமான்னு கேக்குறாருடா!"

"சம்மதம் சாமி! எம்புட்டுத் தண்ணின்னாலும் சம்மதம்!"

துரை லாரியைக் காட்டினார். மலைச்சாமியும், கல் தூக்கக் கைகொடுத்த சின்னக்கருப்பனும் முண்டியடித்து ஏறினார்கள். கிணறு தோண்ட மிஷின் ஏற்றிவரத்தான் கூப்பிடுகிறார் என்று சேக் மைதீன் அடித்துச் சொல்லிவிட்டார். ஒச்சாயி குடத்தைத் துலக்கப் போய்விட்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும் லாரி ஓட்டிய மருது திரும்பிப் பார்த்தான்.

"வீட்ல சொல்லிட்டீகளாண்ணே?"

"எதுக்கு மாப்ள? லண்டன் உதவிய வாங்கிட்டுப் பொழுசாயத் திரும்பிருவோம்ல?" என்றான் மலைச்சாமி.

மருது கியரை மாற்றினான்.

"வாங்கவா? அக்கரைத் தீவுல ரோடு போட லண்டன் சர்க்கார் கப்பலேத்தி அனுப்புற உதவியே நீங்கதாண்ணே!"