ரிப்பன் காட்டிய வழி

என் வாழ்க்கையில் நான் செய்த கிறுக்குத்தனங்களை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் நின்றுகொண்டு "உன்னால முடியாது" என்று சொல்லியிருப்பார். கிணற்றில் நீச்சல் பழகப் போய்த் தண்ணீர் குடித்தது, நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாகப் பிரியாணி போட்டது (அது பிரியாணி இல்லை என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்), எல்லாம் இந்த வகை. ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்துக்குப் பேர் கொடுத்ததும் இதே வகைதான். அந்தத் தடவை சொன்னவர் என் கணவர்.

அவர் நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். காய்கறி நறுக்குவதைக்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மேற்பார்வை செய்வார். எனக்குக் கொல்லிமலையில் வேளாண்மை அலுவலகத்தில் வேலை. செம்மேட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் எழுபது வளைவும் இறங்கி வீட்டுக்கு வருவேன். இரண்டு வருடமாக அவருக்கு ஒரே பாட்டு. மாறுதல் கேட்டு எழுதிக் கொடு, மலை உன் உடம்புக்கு ஒத்து வராது, வளைவில் வாந்தி எடுத்தே நீ பாதியாகிவிட்டாய். நான் பாதியாகவெல்லாம் இல்லை, அது யாருக்கும் கண்ணில் தெரியும். எனக்கு மலை பிடித்துப்போயிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் பனி உள்ளே வரும். முன்னறிவிப்பில்லாமல் எந்தச் சொந்தக்காரரும் வரமாட்டார். இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்?

அந்த நேரம் பார்த்துத்தான் மலையோட்டப் போட்டி என்று செம்மேடு பஸ் நிறுத்தத்தில் பேனர் கட்டினார்கள். என்னைப் பார்க்க வந்திருந்த கணவர் அதைப் படித்துவிட்டு, "பத்து கிலோமீட்டர் வேணா நீ நடந்து பாரு. அம்பதெல்லாம் உன்னால முடியாது" என்றார். அன்று சாயங்காலமே ஐம்பதுக்குப் பேர் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. வாத்தியார் புத்தி, உடனே நிபந்தனை போட்டார்.

"முடிச்சுட்டீன்னா இந்த ஜென்மத்துக்கு மாறுதல் பேச்சை எடுக்க மாட்டேன். முடிக்கலைன்னா மறுநாளே எழுதிக் குடுக்கணும். சரியா?"

சரி என்றேன். கோபத்தில் இருக்கும்போது எனக்கு எல்லாமே சரிதான். இப்படியாக, என் வேலையும் பனியும் நிம்மதியும் என் இரண்டு முட்டிகளின் மேல் வந்து உட்கார்ந்தன.

மூன்று மாதம் பயிற்சி எடுத்தேன். தேவனூர் நாட்டுக்கு (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) பயிர் பார்க்கப் போவதையெல்லாம் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். (நடந்துதான் போனேன். திரும்பி வரும்போது யாராவது வண்டியில் ஏற்றிவிட்டால் மாட்டேன் என்று சொல்வது மரியாதை இல்லை.)

போட்டியன்று விடிவதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அமைப்பாளர் ஒருவர் அறிவுரை சொன்னார். பாதை முழுக்க ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருக்கிறது, ரிப்பன் இருந்தால் அதுதான் வழி, இருநூறு அடிக்கு ரிப்பனே தெரியாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள், சொந்த யோசனை வேண்டாம் என்றார். அரசாங்க உத்தியோகத்தில் பதினாறு வருடம் இருந்தவளுக்குச் சொந்த யோசனை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அரியூர் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சோதனைச் சாவடி. அங்கே ஒரு மணிக்குள் வராதவர்கள் வெளியே. அதில் பேச்சே கிடையாது.

ஓட்டத்தின் முதல் பாதியைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. என்னைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் "ரசிச்சு ஓடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதை ரசிப்பது? கால் கட்டைவிரல் நகம் கழன்றுகொண்டிருக்கிறது, அதையா? ஓடைக்கு இறங்கும் இடத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு இறங்கினேன். மேலே ஏறும் இடத்தில் நான்கு காலில் ஏறினேன். ஆனாலும் விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு அரியூர் நாட்டு எல்லைக்கு வந்துவிட்டேன். சாவடிக்கு இன்னும் இரண்டே கிலோமீட்டர். கையில் முழுசாக ஒரு மணி நேரம். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அப்போதுதான் பனி இறங்கியது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அங்கே ரிப்பன் மட்டும் ஏராளமாகக் கட்டியிருந்தார்கள். அதுவரை நூறடிக்கு ஒன்று இருந்தது, இங்கே பத்தடிக்கு ஒன்று. பனியை எதிர்பார்த்து இப்படிக் கட்டியிருக்கிறார்களே, எவ்வளவு பொறுப்பான மனிதர்கள் என்று மனதாரப் பாராட்டிக்கொண்டே நடந்தேன். வலது பக்கம் தினைக்காடு, இடது பக்கம் கல்கட்டு. ஏற்றம், பிறகு திருப்பம், பிறகு முட்டியைப் பிடுங்கும் இறக்கம், மறுபடி ஏற்றம்.

ஒரு பலாமரம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பலாமரம் வந்தது. கொல்லிமலையில் பலாமரத்துக்கா பஞ்சம்? காட்டுக்குக் காவலாக நீலச் சட்டை போட்ட பொம்மை ஒன்று நின்றது. அடுத்த காட்டிலும் நீலச் சட்டைப் பொம்மை. பேளுக்குறிச்சிச் சந்தையில் எல்லோரும் ஒரே கடையில் சட்டை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். கல்கட்டின் மேல் ஒரு பெரியவர் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நின்றார். நானும் கும்பிட்டேன். அடுத்த காட்டிலும் ஒரு பெரியவர் கும்பிட்டார். மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்தேன்.

பிறகு வழியில் ஒரு கடலைமிட்டாய் உறை கிடந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இயற்கையைக் காப்போம் என்று முதுகில் அச்சடித்த பனியனை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் செய்கிற வேலையா இது? முட்டியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுத் திட்டிக்கொண்டே குனிந்து அதைப் பொறுக்கிப் பையில் போட்டேன். பையில் மிட்டாய் இருந்த இடம் காலியாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. (இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். என் மகள் விடமாட்டேன் என்கிறாள்.)

மறுபடி பலாமரம், மறுபடி பொம்மை, மறுபடி கும்பிடு. அதற்கடுத்த காட்டிலும் அதே மூன்றும். இந்தத் தடவை பெரியவர் கல்கட்டிலிருந்து இறங்கி, தயங்கித் தயங்கி என் எதிரே வந்து நின்றார். பார்த்தால் பெரியண்ணன். நான் நடத்திய விவசாயிகள் கூட்டத்தில் எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவர். பின்னால் அவர் மனைவி பாப்பாயி.

"ஏனுங்க மேடம், இதுக்கு முந்தி வந்த ஆபீசருங்க ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிருவாருங்க. நீங்க நாலு சுத்து சுத்திப் பாத்துட்டீங்க. காட்டுல ஏதாச்சும் கொறைங்களா?"

எந்தக் காடு, எத்தனை சுற்று, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். பயிர் பார்த்துக்கொண்டிருக்கும் ஆபீசரை நடுவில் மறிக்கக் கூடாது என்று பாப்பாயி சொல்லிவிட்டாராம். முகத்தைப் பார்த்தால் வேறு கடுகடுவென்று இருந்தேனாம்.

"சரிங்க, இந்த ரிப்பன் எப்படி இங்க வந்துச்சு?"

"நீங்க அனுப்புனதுதானுங்களே" என்றார் பெரியண்ணன். "குருவி வெரட்ட ரிப்பன் வருமின்னு ரெண்டு போகமாச் சொல்லீட்டிருந்தீங்க. காத்தால பாத்தா தடம் பூராக் கட்டி வச்சிருந்துச்சுங்க. மேடம் சொன்ன வாக்கக் காப்பாத்தீட்டாங்கன்னு அவுத்தாந்து கட்டிப்புட்டமுங்க. ஒரு குருவி எறங்கலீங்க."

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? கதிர் முற்றும்போது காட்டைச் சுற்றி ரிப்பன் கட்டுங்கள், காற்றில் படபடத்தால் குருவி வராது என்று மேடை போட்டுச் சொன்னவள் நான். ரிப்பன் இந்தா வருகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவளும் நான். ரிப்பன் கேட்டு மேலே எழுத வேண்டிய கடிதத்தை இரண்டு போகமாக எழுதாமல் மேசை இழுப்பறையில் போட்டவளும் நானேதான். எனக்கு முன்னால் ஓடியவர்கள் ரிப்பன் அவிழ்ப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் கடிகாரத்தில் வரைபடம் வைத்திருந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு ரிப்பனை நம்பியவள் நான் ஒருத்திதான்.

அப்போது மணி ஒன்றாகப் பத்து நிமிடம். பாப்பாயி என் கையில் வெந்த குச்சிக்கிழங்கைத் திணித்து, "தின்னுட்டுப் போ சாமி, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு" என்றார். மேடமாக இருந்தவள் சாமி ஆகிவிட்டேன். தின்றுகொண்டே நொண்டினேன். பெரியண்ணன் பள்ளிக்கூடம் வரை துணைக்கு வந்தார். போய்ச் சேரும்போது ஒன்றரை மணி.

சாவடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அம்மா நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, என் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றச் சொன்னார். நான் விடவில்லை. தினைக்காட்டை நாலு சுற்று சுற்றியிருக்கிறேன், அதை அளந்து தூரத்தில் சேருங்கள், அப்படிப் பார்த்தால் நான் இந்நேரம் அடுத்த சாவடியில் இருக்க வேண்டும் என்று வாதாடினேன். அந்தக் காடு பாதையிலேயே இல்லை என்றார் அவர். ரிப்பன் இருந்தால் அதுதான் வழி என்று சொன்னது யார் என்று கேட்டேன். சண்டை முற்றுவதற்குள் பெரியண்ணன் முன்னால் வந்து, மேடத்தின் மேல் தப்பில்லை, வேண்டுமானால் ரிப்பனை அவிழ்த்துத் தந்துவிடுகிறோம் என்று கும்பிட்டார். அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

நான் இந்தச் சாவடியைத் தாண்ட மாட்டேன் என்று கணக்குப் போட்டு, என்னைக் கூட்டிப்போக அங்கேயே வந்திருந்த கணவர் மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. பாதை மோசம் என்று நினைத்தேன். தார் ரோட்டுக்கு வந்த பிறகும் குலுங்கியது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக ரிப்பன் கடிதத்தை எழுதினேன். அடுத்து, கொடுத்த வாக்குப்படி, மாறுதல் விண்ணப்பத்தை எடுத்தேன். பேர், பதவி, பணியிடம் எல்லாம் சரசரவென்று எழுதியாயிற்று. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மலை உடம்புக்கு ஒத்து வரவில்லை என்று எழுதச் சொல்லியிருந்தார் கணவர். அது பச்சைப் பொய். மலை எனக்கு என்ன குறை வைத்தது? அழுகையும் ஆத்திரமுமாக, நடந்ததை நடந்தபடியே எழுதி, சரிபார்க்கச் சொல்லி அந்த வாரம் அவர் கையில் கொடுத்தேன்.

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை மேல அனுப்புனா உன்னை எந்த ஊர்லயும் சேத்துக்க மாட்டாங்க. நீ அங்கயே இரு தாயி" என்றார்.

அங்கேயேதான் இருக்கிறேன். அந்தத் தாளை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. பொங்கல், காதுகுத்து, கல்யாணம், எங்கே நாலு சொந்தக்காரர் கூடினாலும் சட்டைப்பையிலிருந்து எடுத்து, எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கிறார்: "மாறுதல் கோருவதற்கான காரணம்: பணியின்போது அல்லாமல், சொந்த விருப்பத்தின் பேரில், ஒரு தினைக்காட்டை ஐந்து முறை சுற்றி வந்ததால்."

கூட்டம் சிரித்து உருளுகிறது. சிரிக்கட்டும். ஆனால் நான் எழுதியது நான்கு முறை. ஐந்தாவது சுற்றுக்குள் போவதற்கு முன்பே பெரியண்ணன் என்னை மறித்துவிட்டார்.