தண்ணீர்மலை ரோட்டில் என் பொய் முகவரி

பத்து நிமிடம் நடக்கச் சோம்பல்பட்டு, தன் உயிருக்கே உலை வைத்துக்கொண்டவன் இந்தப் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜப்பான்காரன் காலத்தில் ஜார்ஜ் டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு. பெட்ரோல் இல்லாமல் கார்கள் முடங்க, ஊரே சைக்கிளில் வேலைக்குப் போனது. அலுவலகப் பின்கட்டில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். டயருக்கும் தட்டுப்பாடு. எங்கள் ஜப்பானிய அதிகாரி ஓர் உத்தரவு போட்டார்: இரண்டு மைலுக்கு அப்பால் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே சைக்கிள் நிறுத்த அனுமதித் தகர வில்லை தரப்படும், மற்றவர்கள் நடந்து வர வேண்டும்.

நான் இருந்ததோ பக்கத்திலேயே, குயின் ஸ்ட்ரீட் மாடியறையில். (புதுச் சைக்கிளை அறையில் பூட்டிவிட்டு நடப்பதா? நாலு பேர் பார்க்க வேண்டாமா?) படிவத்தில், தொலைவில் மலையடிவாரத்துத் தண்ணீர்மலை ரோட்டு வீடு ஒன்றின் எண்ணை எழுதினேன். கோயிலுக்குப் போகும்போது பார்த்த வீடு. ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

ஒரே வாரத்தில் பாதி அலுவலகம் படிவத்தில் மலையடிவாரத்துக்குக் குடிபோனதைப் பார்த்த அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. முதல் சோதனை எனக்கு.

மழை இருட்டித் தூறிய ஒரு மதியம் அவரும், தலைமைக் கிராணியும், நானும் சைக்கிளில் கிளம்பினோம். தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். என் பக்கம் ஒதுங்கி வந்து, "தம்பி, பொய்யெண்டால் இப்பவே சொல்லும். பிறகு என்னால ஒண்டும் செய்யேலாது" என்றார்.

"உண்மைதாங்கய்யா" என்றேன். (வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை.)

வழியில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. சில வீடுகளின் கதவுகள் திறந்தே கிடந்தன, உள்ளே ஆளில்லை. அவர்களையெல்லாம் எங்கே கொண்டுபோனார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர் யாருமில்லை.

நான் எழுதிக்கொடுத்த வீட்டின் கதவைத் தொடுவதற்குள் அது தானாகத் திறந்தது. வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள் நின்றார். (கால் தரையில் படுகிறதா என்று முதலில் பார்த்தேன்.)

"வந்துட்டியா செல்வம்? ஏன்டா இவ்வளவு நேரம்? சோறு ஆறுது."

என் பெயர் பொன்னுசாமி. அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

உள்ளே மேசையில் இரண்டு தட்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தன. சுவரில் சைக்கிளோடு நிற்கும் ஓர் இளைஞனின் படம். ஈரம் அரித்து முகம் மட்டும் காணோம். அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நனைஞ்ச சட்டையோட நிக்காத" என்று ஆணியில் தொங்கிய சட்டையை அம்மாள் எடுத்துக் கொடுத்தார். எனக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. தட்டில் சோற்றுக்குப் பதிலாக இருந்த மரவள்ளிக்கிழங்கை அவசரமாக விழுங்கினேன். புரையேறியது. கிழங்கு நேராகப் போய் அதிகாரியின் பூட்ஸில் ஒட்டிக்கொண்டது.

தலைமைக் கிராணி கண்ணை மூடிக்கொண்டார். அம்மாளோ என் தலையில் தட்டிக்கொண்டே அதிகாரியிடம் மலாயில், "சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், மன்னிச்சிடுங்க" என்றார். அதிகாரி குனிந்து பூட்ஸைத் துடைத்தார். பிறகு அம்மாளுக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு வெளியேறினார்.

"கொம்மா ஏன் உம்மைச் செல்வம் எண்டு கூப்பிடுறா?" என்று கேட்டார் தலைமைக் கிராணி.

"வீட்டுப் பேருங்கய்யா."

தப்பித்தேன் என்று நினைத்தால், அரிசிப் பங்கீட்டுச் சீட்டும் அந்த முகவரிக்கே மாறிவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனேன். மூன்றாம் மாதம் டயர் கிழிந்தது. வேறு டயர் கிடைக்கவில்லை. தினமும் அத்தனை தூரமும் நடந்தேன்.

அந்த அம்மாளுக்குப் புத்தி கலங்கியிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் தயங்கித் தயங்கி, "நான் செல்வம் இல்லீங்கம்மா" என்றேன்.

அவர் கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்பா. அவனுக்குத் தினமும் தட்டு வைக்கிறது பழக்கம். அவனப் புடிச்சிட்டுப் போனப்ப நான் பசாருக்குப் போயிருந்தேன். நீ ஜப்பான்காரனோட வந்தப்பவாவது வீட்டுல இருந்தேன்லா."

செல்வம் வரவே இல்லை. சண்டை முடிந்த பிறகும் நான் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. இன்றைக்கும் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் மகள் ஓடிவந்து பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள்.

"அப்பாவ எழுத விடாதீங்கலா! நாளைக்கே நாம எல்லாரும் குடிமாறணும்!"