ஒரு மூட்டை மாவுக்கு வாங்கிய பேர்

"நம்ம குலத் தலைவருக்கும் எனக்கும் எத்தனையாவது தலைமுறையில ரத்த உறவு?" என்று, முன்னோர் கோட்டையைப் பார்க்கக் கனடாவிலிருந்து வந்த டங்கன் மக்ட்ரோவன் கேட்டார்.

இஷ்பெல் மக்ட்ரோவன் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

"உறவே இல்லை சார். பஞ்சத்துல, 'என் பேரை வச்சுக்கிட்டா வீட்டுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு'ன்னு அந்தக் காலத்துத் தலைவர் சொன்னாரு. அவருக்குச் சண்டைக்கு ஆள் வேணும். உங்க ஆளுங்களுக்குப் பசி."

டங்கன், குலத்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடையான புது கில்ட்டோடு கோட்டைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி இஷ்பெல். வரலாறு படித்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் 'நீங்கள் தலைவர் வம்சம்' என்று புளுகுகிற வழிகாட்டி வேலை. இன்று வாய் ஒத்துழைக்கவில்லை.

தலைவர் சர் ராரி மக்ட்ரோவன் அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். "இவங்க சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறணும். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

அம்மாவின் ஒற்றைச் சம்பளம் கண்முன் வந்து நின்றது. ஓடினாள்.

"வருத்தப்படாதீங்க சார். எங்க வீட்டுலயும் மாவுக்கு வாங்கின பேருதான். இந்தப் பேர்ல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்."

அதே பேரோடு பஸ்ஸில் வந்த மொத்தக் கூட்டமும் திரும்பியது.

"அப்ப நாங்களும் மாவுதானா?" என்றாள் ஒரு பெண். ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருத்தர் கோட்டைக் கடையில் வாங்கிய கில்ட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கப் போய், உள்ளே எதுவும் போடாதது நினைவுக்கு வந்து நின்றார்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கே?" தலைவர் பல்லைக் கடித்தார்.

"சரி பண்றேன் ஐயா." இஷ்பெல் குரலை உயர்த்தினாள். "ஆனா அசல் ரத்தம் ஒண்ணு இருக்கு. இதோ நிக்கிறாரே, நம்ம தலைவர்."

எல்லோரும் அவரையே முறைத்தார்கள். சிரிப்பு மட்டும் ஒரு முகத்திலும் இல்லை.

தலைவருக்கோ நெஞ்சு விரிந்தது. "ஆமா. அப்பன், பாட்டன், பூட்டன்னு நேர் வாரிசு. எதுக்காகவும் பேரை மாத்தாத வம்சம்."

தேநீர்த் தட்டோடு வந்த அவருடைய அக்கா கிரிசெல்டா, தட்டை டங்கன் மடியில் வைத்தாள்.

"ஏன்டா ராரி, அம்மாவுக்கு இந்தக் கோட்டை வந்தப்ப அதுக்காகத்தானே அப்பா பேரை மாத்திக்கிட்டாரு? நீ பிறக்கறதுக்கு முன்னாடி, ஏழு வயசு வரைக்கும் நான் கிரிசெல்டா ஸ்மித்டா."